பின்பாரம்

தயாளினி எண்ட அந்தப் பிள்ளை நல்ல பிள்ளை. பொலிஸ் ஸ்ரேசனில எனக்கு ரெண்டு தரம் தேத்தண்ணி எடுத்துத் தந்தவ. சீனி போதுமோ எண்டும் கேட்டவ. ஆனா அவ இந்தியாப் பிள்ளை. பெட்டி எண்டால் என்னெண்டு அவவுக்குத் தெரியாது.

அண்டைக்கு நீங்கள் இங்கிலிசில கேட்டனீங்கள், அவ தமிழில மாத்திச் சொன்னவ, நான் மறுமொழி சொன்னனான். "பெட்டியை நான்தான் ஏத்தினது" எண்டு ஒண்டுக்கு ரெண்டு தரம் சொன்னனான். அவ ஆமா ஆமா எண்டு தலையாட்டிப்போட்டு உங்களுக்குச் சொன்னவ, நீங்கள் எழுதினீங்கள். போன கிழமை எங்கட கோயில் ஆள், கவுன்சிலில வேலை செய்யிற கௌசிகன், அந்தக் கடுதாசியை எனக்கு வாசிச்சுக் காட்டினான்.

"ஐயா, இதில நீங்கள் சூட்கேசுக்குள்ள உடுப்பு அடுக்கினதெண்டெல்லோ கிடக்கு" எண்டு சொல்லிச் சிரிச்சான். நான் சிரிக்கேல்லை.

எங்கட பக்கத்தில வயல் உழுற றக்ரருக்குப் பின்னால கொழுவி இழுக்கிறதுக்குப் பேர்தான் பெட்டி. நீங்கள் கரவன் எண்டிறது எனக்குப் பெட்டி. உள்ளுக்குக் கட்டிலும் அடுப்பும் வைச்சு யன்னலுக்குச் சீலை போட்டாலும் அது பெட்டிதான். சில்லு இருக்கு, பாரம் ஏத்துறது, முன்னால ஒண்டு இழுக்குது.

அதால இந்தமுறை வாயால சொல்லேல்லை, எழுதித் தாறன். நான் அஞ்சாம் வகுப்பு மட்டும் படிச்சவன், பிழை இருக்கும். இதை ரெண்டு பேரிட்டை வேற வேறயாக் குடுத்து மாத்துவியுங்கோ. ரெண்டும் ஒண்டாக் கிடக்கோ எண்டு பாருங்கோ. ஒருத்தரை மட்டும் நம்பவேண்டாம்.

கௌசிகன் வாசிச்சதில இன்னொரு வரி கிடந்தது. வாகனம் சோதிக்கிற உங்கட ஆள் எழுதினது. பாரம் பின்பக்கம் கூடிப்போச்சு, இழுத்து அனுபவமில்லாத ஆள் ஏத்தினபடியால் இப்பிடி நடந்திருக்கு எண்டு. முதல் பாதி சரி. மற்றப் பாதி பிழை. அதை ஏத்தினவனுக்கு எங்க வைக்கவேணும், எங்க வைக்கக்கூடாதெண்டு வடிவாத் தெரியும். அந்தப் பிழையோட கடுதாசி கோட்டுக்குப் போறது எனக்கு விருப்பமில்லை.

என்ர பேர் சூசைதாசன். வயது அறுபத்தெட்டு. லண்டனில மிச்சம் எண்ட இடத்தில இருக்கிறன். ஊர் மன்னார், முருங்கன். அங்க ஒரு அரிசி ஆலைக்கு இருவத்திரண்டு வருசம் றக்ரர் ஓடினனான். வயலில இருந்து நெல்லு, ஆலையில இருந்து அரிசி, திருவிழாக் காலத்தில மடுக்கோயிலுக்குச் சனம். எல்லாம் பெட்டியிலதான். ஒருநாளும் ஒரு பெட்டி பிரட்டினதில்லை.

பாரம் சில்லுக்கு மேல இருக்கவேணும், கொஞ்சம் முன்னுக்குச் சாய்ஞ்சு. அவ்வளவுதான் விசயம். முன்பாரம் இருந்தால் பெட்டி அடங்கிப் பின்னால வரும். பின்பாரம் எண்டால் தன்ர எண்ணத்துக்கு ஆடும். மெல்லப் போகேக்கை தெரியாது, வேகம் ஏறத்தான் தெரியும். ஆடத் தொடங்கினால் ஒண்டும் செய்யக்கூடாது. காலை மெதுவா எடுத்துப்போட்டு ஸ்ரியறிங்கை நேரப் பிடிச்சுக்கொண்டிருந்தால் தானா அடங்கும். பிறேக்கை அமத்தினால் பெட்டி முன்னுக்குப் போறதை முந்தப் பாக்கும். முந்த ஏலாட்டில் பிரளும்.

இவ்வளவையும் ஏன் எழுதுறனெண்டால், தெரியாமல் செய்தவன் எண்டு என்னை ஒருத்தரும் சொல்லக்கூடாது.

என்ர மனிசி இம்மாகுலேற். எங்களுக்கு ஒரே பிள்ளை, டயனா. அவள் ஜேர்மனியில கலியாணம் முடிச்சு அங்கேயே இருக்கிறாள். மருமோன் புவனேந்திரன், பிரிஜ் திருத்திற வேலை. சைவக்காறன், ஆனா எங்களோட கோயிலுக்கு வருவான், முழங்காலில நிக்கச் சொன்னால் நிப்பான். ஒவ்வொரு ஆடியும் இங்கத்தைத் தமிழ்க் கத்தோலிக்கர் வோல்சிங்கம் மாதாவிட்டைப் போறது உங்களுக்குத் தெரியும். அவை ரெண்டுபேரும் தங்கட ஜீப்பில பெட்டியைக் கொழுவிக்கொண்டு கப்பலில வந்து, மிச்சத்தில எங்களையும் ஏத்திக்கொண்டு போவினம். நாலு வருசம் அப்பிடிப் போனனாங்கள்.

போன வருசம் பேச்சு வேற. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய அவை வோல்சிங்கத்தில இருந்து நேரை கப்பலுக்குப் போறது. இம்மாகுலேற்றும் அவையோட போறது. நான் கோயில் பஸ்ஸில மிச்சத்துக்கு வாறது. அவள் எப்ப திரும்பி வாறாள் எண்டு நானும் கேக்கேல்லை, அவையும் சொல்லேல்லை.

ஏன் போறாள் எண்டு நீங்கள் கேப்பீங்கள். நான் பஸ் டிப்போவில பஸ் கழுவினனான். விடியப் போனால் பின்னேரம்தான் வருவன். போகேக்கை வெளியால கதவைப் பூட்டித் திறப்பைக் கொண்டுபோவன். மிச்சத்தில கள்ளர் கூட. இம்மாகுலேற்றுக்குப் பாஷை தெரியாது, ஆர் தட்டினாலும் திறப்பாள், திறந்துபோட்டுச் சிரிப்பாள். அப்பிடி ஒருத்தியைத் திறந்த வீட்டில விட்டிட்டுப் போக ஏலுமோ? உள்ளுக்கு எல்லாம் இருந்தது. அரிசி இருந்தது, ரீவி இருந்தது, கீற்றர் இருந்தது. சனி ஞாயிறு கடைக்கும் கோயிலுக்கும் நானே கூட்டிக்கொண்டு போனனான். பதினைஞ்சு வருசத்தில அவள் ஒருநாளும் திறப்புக் கேக்கேல்லை.

அதுக்கு முதல் வருசம் டயனா சொல்லாமல் கொள்ளாமல் வந்திட்டாள். தாய்க்குப் பிறந்தநாளாம், திடீரெண்டு வந்து நிண்டால் சந்தோசப்படுவா எண்டு பிளேன் ஏறி வந்தவள். நான் வேலையில. பிறகு அவளே எனக்குச் சொன்னாள், நடந்தது இதுதான்.

"அம்மா, நான்தான். திறவுங்கோ."

"திறப்பு அப்பாட்டை பிள்ளை."

"மற்றத் திறப்பு எங்க?"

"அதும் அப்பாட்டைத்தான்."

கடுதாசி போடுற ஓட்டைக்கு இந்தப் பக்கம் ஒருத்தியும் அந்தப் பக்கம் ஒருத்தியும் நிலத்தில குந்தியிருந்து கதைச்சிருக்கினம். நான் வேலையால வரேக்கை டயனா படியில இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தாய் தோசை சுட்டு, சம்பலை உள்ளுக்கு வைச்சுச் சுருட்டி, அந்த ஓட்டையால ஒவ்வொண்டாக் குடுத்திருக்கிறாள். பிள்ளை பசியோட வந்திட்டுதெண்டு. உள்ளுக்கு ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. அவள் அப்பிடிச் சிரிச்சு நான் கனகாலம் கேக்கேல்லை. டயனா என்னை நிமிந்து பாத்தாள். வாயில சாப்பாடு, கண்ணில தண்ணி. எனக்கு வெக்கமாப் போச்சு. பக்கத்து வீட்டுக் கறுப்பி யன்னலால பாத்துக்கொண்டு நிண்டவ.

அதுக்குப் பிறகு தாயும் மகளும் ரெலிபோனில என்ன கதைச்சினமோ, அடுத்த வைகாசியில ஒருநாள் நான் கால் கழுவிப்போட்டு வந்து இருக்க, இம்மாகுலேற் சோத்தைப் போட்டுக்கொண்டு சொன்னாள்.

"இஞ்சேருங்கோ, நான் பிள்ளையோட போய் இருக்கப்போறன். உங்களில எனக்குக் கோவமில்லை. எனக்கெண்டு ஒரு திறப்பு இருந்தால் எப்பிடி இருக்குமெண்டு சாகமுதல் ஒருக்காப் பாப்பம் எண்டு."

சொல்லிப்போட்டு இன்னும் குழம்பு விடவோ எண்டு கேட்டாள். நான் விடு எண்டன். வேற ஒண்டும் சொல்லேல்லை. சொல்லியிருக்கலாம். ஒரு திறப்பு வெட்டிறது பெரிய வேலையில்லை, சந்தியில சப்பாத்துத் தைக்கிறவன் அஞ்சு நிமிசத்தில வெட்டித் தருவான். நாப்பத்தினாலு வருசம் சொல்லாத ஒண்டை அந்த நேரம் எப்பிடிச் சொல்லுறது எண்டு எனக்குத் தெரியேல்லை.

இப்ப பெட்டிக்கு வாறன்.

வோல்சிங்கம் போற வெள்ளிக்கிழமை மத்தியானம். பெட்டி வீட்டு வாசலில றோட்டோரமா நிண்டது. கோயிலால ஆறு அரிசிப் பை தந்திருந்தினம், இருவது கிலோப் பை. நாங்கள் முதல் போறபடியால் சனத்துக்குச் சமைக்கக் கொண்டுபோகச் சொல்லி. அதோட ஒரு கிடாரமும் நாலு பெரிய தண்ணிக் கானும். எல்லாத்தையும் புவனேந்திரன் தானே தூக்கிச் சில்லுக்கு நேரை நிலத்தில வைச்சான், கயிறும் போட்டான். ஜேர்மன் புத்தகம் ஒண்டு வைச்சிருந்தான், பெட்டி இழுக்கிறதுக்கெண்டே எழுதின புத்தகம். பிறகு குளிக்கிற அறையில இருந்து ஆள் நிறுக்கிற ஸ்கேலைக் கொண்டுவந்து, பெட்டியின்ர மூக்கு, அதுதான் ஜீப்பில கொழுவுற முனை, அதுக்குக் கீழ ஒரு தடியை நிமித்தி அதில வைச்சு நிறுத்தான்.

"எழுபத்துநாலு கிலோ மாமா! புத்தகத்தில எழுபத்தஞ்சு எண்டு கிடக்கு."

"புத்தகம் எழுதினவன் பெட்டி இழுத்தவனோ?" எண்டு கேட்டன்.

"இது உங்கட முருங்கன் றக்ரர் இல்லை மாமா. இது ஓரளவான ஜீப். அளவுக்கு மிஞ்சினால் இது எங்களை இழுக்காது, பெட்டிதான் எங்களை இழுக்கும்."

டயனா மேல்மாடி யன்னலால எட்டிப் பாத்துச் சொன்னாள். "அப்பாவின்ர வாயை அந்த ஸ்கேலில வையுங்கோ, அதுவே எழுபத்தஞ்சு காட்டும்."

எல்லாரும் சிரிச்சினம். இம்மாகுலேற்றும் சிரிச்சாள். டயனா மேல தாயின்ர சூட்கேசை அடுக்கிக்கொண்டு நிண்டவள். தயாளினிப் பிள்ளை சொன்ன சூட்கேஸ் அதுதான். அதை நான் தொடேல்லை.

புவனேந்திரன் காத்தடிக்கவும் டீசல் போடவும் ஜீப்பை மட்டும் கொண்டு போனான். இருவது நிமிசம் எண்டான். நான் பெட்டிக்குள்ள ஏறினன். பாரத்தைக் கொஞ்சம் மாத்தினன்.

கொஞ்சம் எண்டது சரியில்லை. கயிறை அவிட்டு, ஆறு பையையும் ஒவ்வொண்டாத் தூக்கிக்கொண்டு போய்ப் பின்பக்கக் கட்டிலுக்குக் கீழ இருந்த அடைப்புக்குள்ள அடுக்கினன். தண்ணிக் கானையும் பின் சுவரோட வைச்சன். கிடாரத்தைப் பழைய இடத்தில விட்டு, மேல போர்வையைப் போட்டு அதே கயிறால கட்டினன், வாசலில நிண்டு பாத்தால் முந்தின மாதிரித் தெரியட்டும் எண்டு. அறுபத்தேழு வயதில அவ்வளவும் தூக்க ஏலுமோ எண்டு நீங்கள் கேக்கலாம். ஏலும். முதுகு ஒரு கிழமை நொந்தது.

இம்மாகுலேற் தேத்தண்ணி கொண்டுவந்தாள். கதவடியில நிண்டு உள்ளுக்குப் பாத்தாள்.

"ஏன் பின்னுக்கு அடுக்கிறியள்? பின்பாரம் கூடாதெண்டு நீங்களெல்லோ சொல்லுறனீங்கள்."

அவள் கலியாணம் முடிச்ச நாளில இருந்து என்ர பெட்டியில மடுவுக்கு வந்தவள். அவளுக்குத் தெரியும்.

"இது வேற பெட்டி" எண்டன்.

"சரி, உங்களுக்குத் தெரியாததோ" எண்டிட்டு, நான் குடிச்சு முடியுமட்டும் நிண்டு கோப்பையை வாங்கிக்கொண்டு போனாள். இந்த விசயத்தில என்னை நம்பினவள் அவள் ஒருத்திதான்.

நான் என்ன நினைச்சுச் செய்தனெண்டு கேட்டால், ஒரு வெருட்டு. அவ்வளவுதான். பெரிய றோட்டில பெட்டி ரெண்டு தரம் வாலாட்டினால் புவனேந்திரன் பயந்திடுவான், புத்தகத்தையும் ஸ்கேலையும் எறிஞ்சுபோட்டு மாமா என்ன செய்யிறது எண்டு கேப்பான், பெட்டியைத் திருப்பிக்கொண்டு மிச்சத்துக்கு வருவம், கப்பல் தப்பிப்போகும். ஒரு கப்பல் தப்பினால் மனிசர் மனம் மாறும். இதுதான் என்ர எண்ணம். அந்த நேரம் இதுதான்.

அவன் வந்து ஜீப்பைப் பின்னுக்கு எடுத்தான். கொழுவிறது நான் எண்டு இறங்கி நிண்டன். பின்பாரத்தில பெட்டியின்ர மூக்கு மேல எழும்பப் பாத்தது. நான் அதுக்கு மேல சாய்ஞ்சு இடுப்பால அமத்திக்கொண்டு பூட்டை விழுத்தினன். அவன் கண்ணாடியால பாத்திட்டு, "மாமா, களைச்சுப்போனியளோ, சாய்ஞ்சுகொண்டு நிக்கிறியள்" எண்டு பகிடி விட்டான்.

"பாரம் ஒருக்காப் பாத்தனீங்களோ மாமா?"

"ஓம், பாத்தன்."

அதுக்குப் பிறகு அவன் திரும்ப நிறுக்கேல்லை. மாமன் பாத்தன் எண்டு சொன்னாப் பிறகு நிறுக்கிறது மரியாதையில்லை எண்டு நினைச்சிருப்பான்.

அந்த ஜீப்புக்கு ஸ்ரியறிங் இடப்பக்கம். நான் முன்னால வலப்பக்கம் இருந்தன், இந்த நாட்டில றைவர் இருக்கிற இடத்தில, கையில ஒண்டும் இல்லாமல். தாயும் மகளும் பின் சீற்றில. லண்டன் தாண்டுமட்டும் வாகனம் நெருக்கம், ஊர்ந்துதான் போனது. நெருக்கம் விட்டு வேகம் ஏறினாப் பிறகு ஒரு லொறி எங்களை முந்தினது. பெட்டி ஒரு தரம் இழுத்து விட்டது. புவனேந்திரன் கதையை நிப்பாட்டினான். உடனை வேகத்தைக் குறைச்சான்.

"காத்து" எண்டன் நான்.

"காத்து இல்லைப் போல கிடக்கு மாமா. பாரத்தை ஒருக்காத் திறந்து பாப்பம்."

சர்வீஸ் எண்ட றோட்டோரக் கடையடியில நிப்பாட்டினம். இம்மாகுலேற்றுக்குப் பூட்டின கார் ஒத்துவராது, வழி முழுக்கத் தேசிக்காயை மணந்துகொண்டு வந்தவள், இறங்கின உடனை புல்லில சத்தி எடுத்தாள். டயனா தாயின்ர நெத்தியைப் பிடிச்சுக்கொண்டு நிண்டாள். புவனேந்திரன் பெட்டியின்ர கதவில கையை வைச்சான்.

"நான் பாக்கிறன். நீ போய் மாமிக்குச் சுடுதண்ணி வாங்கிக்கொண்டு வா" எண்டன்.

அவன் போனான். நான் ஏறினன், கதவைச் சாத்தினன், உள்ளுக்குக் கொஞ்சநேரம் நிண்டன். ரெண்டு பையைத் தூக்கி முன்னுக்கு வைக்க நாலு நிமிசம் காணும். வைச்சிருக்கலாம். அவன் பயந்தது எனக்குப் போதாமல் இருந்தது. அந்த ஆட்டத்துக்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமைக் கப்பலைப் பற்றித்தான் கதைச்சவன். நான் இறங்கி வந்து கயிறு இளகினதெண்டும் இறுக்கிப்போட்டன் எண்டும் சொன்னன்.

அப்பதான் இம்மாகுலேற் கேட்டாள், "நான் பெட்டிக்குள்ள கொஞ்சம் படுத்துக்கொண்டு வரட்டே?"

"ஐயோ மாமி, ஓடேக்கை பெட்டிக்குள்ள ஆள் இருக்கேலாது. சட்டம். பொலிஸ் பிடிச்சால் என்ர லைசென்ஸ் போச்சு."

"நாங்கள் மடுவுக்கு எல்லாரும் பெட்டியிலதானே தம்பி போனனாங்கள். பெட்டிக்குள்ள இருந்தால் எனக்குத் தலை சுத்தாது. இவர் ஓடுவார், நான் நித்திரை கொள்ளுவன்."

அவன் என்னைப் பாத்தான். டயனாவும் என்னைப் பாத்தாள். அவளையும் சொல்லிப் பிழையில்லை, எங்கட சனத்துக்குப் பெட்டியில போறது போறதுதான், அதில ஒரு பயமுமில்லை. நான் வேண்டாம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் அவள் போயிருக்கமாட்டாள். வேண்டாம் எண்டால் ஏன் எண்டு கேப்பினம். ஏன் எண்டால் பையைக் காட்டவேணும்.

"பத்து மைலுக்குப் படுக்கட்டும். மெல்லப் போ" எண்டன்.

நான்தான் அவளை ஏத்திவிட்டது. படி உயரம், கையைப் பிடிச்சுத் தூக்கினன். பின்கட்டிலில படுத்தாள். அந்த மெத்தைக்குக் கீழதான் ஆறு பையும். அவளும் ஒரு அறுபது கிலோ. தலைக்குத் தலகணி வைச்சு, காலுக்குப் போர்வை போட்டுவிட்டன். தேசிக்காய் கையில இருந்தது.

"உங்களுக்குச் சாப்பாடு பிரீசரில ஒரு கிழமைக்குச் சமைச்சு வைச்சிருக்கிறன். நாளின்ர பேர் எழுத டயனாவைச் சொன்னனான், நீங்கள் பாத்துச் சூடாக்குங்கோ" எண்டாள். கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். நான் கதவைச் சாத்திக் கொண்டியைப் போட்டன்.

கேம்பிரிட்ஜ் தாண்டி ஒரு இறக்கம் இருக்கு. அவன் மெல்லத்தான் ஓடினவன், நாப்பது மைலுக்கு மேல போகேல்லை. பின்னால வாறவங்கள் ஹோர்ன் அடிச்சாங்கள். இறக்கத்தில பெட்டி தள்ள வேகம் ஏறினது. ஒரு பஸ் முந்தினது. பெட்டி ஆடத் தொடங்கினது. முதல் சின்னதா, பிறகு ஜீப்பின்ர பின்பக்கத்தையும் இழுத்துக்கொண்டு.

நான் திரும்பிப் பாத்தன். பெட்டியின்ர முன் யன்னலில இம்மாகுலேற்றின்ர முகம் தெரிஞ்சது. எழும்பி வந்து ரெண்டு கையாலையும் யன்னலைப் பிடிச்சுக்கொண்டு நிண்டாள். அவள் பயப்பிடேல்லை. அதை நான் வடிவாப் பாத்தனான். என்னைப் பாத்துக்கொண்டு நிண்டாள், இவர் பாத்துக்கொள்ளுவார் எண்ட மாதிரி.

புவனேந்திரன் சரியாத்தான் செய்தவன். காலை எடுத்திட்டான், ஸ்ரியறிங்கை நேரப் பிடிச்சான், பிறேக்கைத் தொடேல்லை. புத்தகத்தில அப்பிடி எழுதியிருக்கவேணும். ஆட்டம் குறைஞ்சுகொண்டு வந்தது. இன்னும் கொஞ்சத் தூரத்தில அடங்கியிருக்கும். அடங்கினால் அவன் ஓரமா நிப்பாட்டுவான், பெட்டியைத் திறப்பான், பையைப் பாப்பான். டயனாவும் பாப்பாள். பிறகு பையை முன்னுக்கு வைச்சுக்கொண்டு அவை கப்பலுக்குப் போவினம், அவளும் போவாள், நான் ஆரெண்டு தெரிஞ்சுகொண்டு போவாள்.

"பிறேக்கைப் பிடி" எண்டன்.

"பிடிக்கக்கூடாது மாமா, அது..."

"இருவத்திரண்டு வருசம் பெட்டி இழுத்தவன் சொல்லுறன். பிடி."

நான் கத்தேல்லை. சாப்பாட்டு மேசையில உப்பை எடு எண்டு சொல்லுற மாதிரித்தான் சொன்னன். அவன் மாமன் சொல்லைக் கேட்டான்.

அதுக்குப் பிறகு நடந்ததை உங்கட ஆள் படம் போட்டு எழுதியிருக்கிறார். அது சரி. புவனேந்திரனுக்குத் தோள் எலும்பு உடைஞ்சது. டயனாவுக்கு நெஞ்செலும்பு வெடிச்சது. எனக்கு ஒண்டும் இல்லை. பெட்டி பலகை பலகையாப் புல்லில கிடந்தது. அரிசி எல்லா இடமும் கொட்டிக் கிடந்தது. அதுக்குள்ள அவளை நான்தான் முதல் கண்டனான். சீலை முழங்காலுக்கு மேல ஏறிக் கிடந்தது, இழுத்துச் சரிப்பண்ணிவிட்டன். வேற என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை. முகத்தில கிடந்த அரிசியை ஒவ்வொண்டா எடுத்தன். அம்புலன்ஸ் வருமட்டும் எடுத்துக்கொண்டிருந்தன்.

உங்களுக்குப் புவனேந்திரன் என்ன சொன்னவன் எண்டு கௌசிகன் வாசிச்சான். ஏத்தினதும் தானாம், கொழுவினதும் தானாம், பிறேக் பிடிச்சதும் தானாம். மாமா சொன்னவர் எண்டு ஒரு இடத்திலும் இல்லை. சட்டத்துக்கு மாறா ஆளை ஏத்தினதும் தன்ர முடிவெண்டு சொல்லியிருக்கிறான். ஏன் அப்பிடிச் சொன்னவன் எண்டு நான் அவனைக் கேக்கேல்லை. மனிசி செத்த கிழவனைக் கோட்டுக்கு இழுக்கக்கூடாதெண்டு நினைச்சிருக்கலாம். அப்பிடியும் ஆக்கள் இருக்கினம் போல.

செத்தவீடு முடிஞ்ச மற்ற நாள் என்ர குசினியில வைச்சு டயனா அவனைக் கேட்டாள், "என்ர அம்மாவைச் சாக்காட்டினனியெல்லோ. எழுபத்துநாலு எழுபத்தஞ்சு எண்டு நிறுத்துச் சாக்காட்டினனியெல்லோ."

அவன் ஒற்றைக் கையைக் கழுத்தில தொங்கவிட்டுக்கொண்டு சுவரோட நிண்டான். நான் மேசையில இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தன். இம்மாகுலேற் சமைச்சு வைச்சது, சாப்பாட்டுப் பெட்டியில செவ்வாய் எண்டு எழுதியிருந்தது. சூடாக்கத் தெரியாமல் குளிராத்தான் சாப்பிட்டன். சாப்பிட்டு முடிச்சுக் கோப்பையைக் கழுவி வைச்சன். அவை அதுக்குப் பிறகு வேற வேற வீட்டில இருக்கினமாம். டயனா ஞாயிற்றுக்கிழமையில எனக்கு ரெலிபோன் எடுக்கிறவள். அப்பா சாப்பிட்டீங்களோ, அப்பா குளிருக்கு உடுப்புப் போடுங்கோ. என்னை நினைச்சுத்தான் தனக்குக் கவலையெண்டு அழுறவள். நான் கேட்டுக்கொண்டிருப்பன்.

வாற செவ்வாய் புவனேந்திரனுக்குக் கோட்டில வழக்கு. அதுக்கு முதல் இது உங்களிட்டை வரவேணும். பாரம் மாத்தினது நான். கொழுவினது நான். அவளைப் பின்கட்டிலில படுக்கவைச்சது நான். அடங்கப்போன பெட்டியைப் பிறேக் பிடிக்கச் சொன்னதும் நான், அவள் உள்ளுக்கு நிக்கிறதைப் பாத்துக்கொண்டு, என்ன நடக்குமெண்டு தெரிஞ்சுகொண்டு சொன்னனான். அனுபவமில்லாத ஆள் எண்ட வரியை வெட்டிவிடுங்கோ. டயனாவுக்கு இதை நீங்கள் வாசிச்சுக் காட்டுங்கோ, என்னால ஏலாது.

ஆனா கொல்ல நினைச்சவன் எண்டு மட்டும் எழுதவேண்டாம். அவள் போகக்கூடாதெண்டு நினைச்சனான், அவ்வளவுதான். டயனா பிரேதத்தையும் ஜேர்மனிக்குக் கொண்டுபோறன் எண்டு நிண்டவள், அம்மா என்னட்டை வர எண்டு வெளிக்கிட்டவ எண்டு. புருசன் நான் இருக்க எப்பிடிக் கொண்டுபோறது? நான் கையெழுத்து வைக்கேல்லை. இஞ்ச மிச்சத்திலதான் அடக்கம் செய்தது, வீட்டில இருந்து பஸ்ஸில ரெண்டு ஸ்ரொப். ஒவ்வொரு நாளும் போறனான். போய் இருந்து கதைக்கிறனான், முந்தி இவ்வளவு கதைச்சதில்லை. அவள் கேட்டுக்கொண்டிருப்பாள். இப்ப எங்களுக்குள்ள ஒரு பிரச்சினையும் இல்லை.

என்னைக் கூப்பிடுறதெண்டால் விடியவெள்ளனக் கூப்பிடுங்கோ. பின்னேரம் நாலு மணிக்கு நான் அங்க நிக்கவேணும். பிந்தினால் அவள் தேடுவாள்.